பதிவேட்டில் இல்லாத நாற்பத்திரண்டு நாள்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு சின்ன கால்நடை மருந்தகத்தில் பத்து வருடத்துக்கு மேல் டாக்டராக இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் நான் வேலையில் சேர்ந்தபோது, பொம்பளை ஒருத்தி மாட்டுக்கு ஊசி போடுவதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். மாடு பிடித்து வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் கம்பவுண்டர் அண்ணாச்சியிடமே நோயைச் சொல்வார்கள். அவர் என் பக்கம் திரும்பி அதையே இன்னொரு தடவை சொல்வார். இதை மாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி சத்தம் போடுவது. போட்டேன். ஆறு மாதத்தில் எல்லாரும் என்னிடமே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் சத்தம் போடுகிற பழக்கம் அதன்பிறகு என்னை விட்டுப் போகவில்லை.

அந்தப் பக்கத்தில் பசு வைத்திருந்தவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பசுவுக்குச் சினைக்காலம் ஒன்பது மாதமும் சில நாளும். சாரல் ஆனியிலும் ஆடியிலும். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிற கூட்டத்துக்கு டீ கொடுத்து மாளாது. அந்த இரண்டு மாதமும் மடி நிறையப் பால் இருக்க வேண்டுமானால் வைகாசிக் கடைசியில் கன்று விழ வேண்டும். அப்படியானால் ஆவணியில் சினை பிடிக்க வேண்டும். இதனால் ஆவணி பிறந்தால் மருந்தக வாசலில் மாடுகள் வரிசையில் நிற்கும். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கவனமாக நாள் பார்ப்பார்களா என்பது சந்தேகம்தான்.

சினை ஊசி போட்ட தேதியை எழுதி வைக்கிற பதிவேடு என்னுடையது. ஆரம்ப நாட்களில் விந்து திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில், ஐஸ் போட்ட பிளாஸ்கில் வரும். பிறகு விந்தை உறைய வைத்துக் கொண்டுவர நைட்ரஜன் கேன் வந்தது. எது வந்தாலும் தேதி, மாட்டின் நிறம், உடையவர் பெயர், மூன்று மாதம் கழித்துக் கையை விட்டுப் பார்த்த முடிவு எல்லாவற்றையும் என் கையெழுத்திலேயே எழுதுவேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன். என் கை பொய் சொல்லாது, என் பதிவேடும் பொய் சொல்லாது என்று மேலதிகாரிகளிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

ஊசியில் சினை நிற்காவிட்டால் மாடு இருபத்தொரு நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். அப்போது என்னிடமே திரும்பக் கொண்டுவர வேண்டும். ஊரில் சுற்றுகிற பொலிகாளைக்கு விட்டால் எனக்குப் பிடிக்காது. நோய் பரவும், வம்சம் தெரியாது, தேதி தொலைந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் அதை நான் சொன்ன விதத்தில் நியாயம் இல்லை. ஒரு முறை, காளைக்கு விட்டுவிட்டதாக வெள்ளந்தியாகச் சொன்ன ஒருவரை வரிசையில் நின்ற இருபது பேர் முன்னால் காய்ச்சி எடுத்து, மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அதற்குப் பிறகு யாருமே காளைக்கு விட்டதாக என்னிடம் சொல்லவில்லை. ஊர் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வரிசையில் ஐந்தருவிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருவாள். ஏறக்குறைய என் வயதுதான். வீட்டுக்காரர் புனலூர்ப் பக்கம் மரவேலைக்குப் போய்விட்டு மாதம் ஒரு தடவை வருவார். அவளுக்கு ஒரே ஒரு ஜெர்சி கலப்புப் பசு, பழுப்பு நிறம். சாரல் மாதங்களில் அருவிக்குப் போகிற பாதையில் ஓலை போட்டு டீக்கடை வைப்பாள், அந்தப் பசுவின் பாலில். அந்தப் பசுவும் அந்த இரண்டு மாதமும்தான் அவளுக்கு ஒரு வருடப் பிழைப்பு. அதிகம் பேச மாட்டாள். தொழுவத்தைத் துடைத்துவிட்டது போல வைத்திருப்பாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். பிடிக்கும் என்று ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு கார்த்திகைக் கடைசியில் ஸ்கேன் மிஷின் வந்தது. மேல்படிப்பு படிக்கிற ஒரு பையன் சென்னையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். வயிற்றில் இருக்கிற கன்றை மிஷினில் அளந்து அதன் வயதைச் சொல்ல முடியுமா என்பது அவனுடைய ஆராய்ச்சி. சரிபார்க்க, தேதி நிச்சயமாகத் தெரிந்த சினை மாடுகள் வேண்டும். மாவட்டத்திலேயே ஒழுங்கான பதிவேடு என்னுடையதுதான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின நாளே பதிவேட்டுக்குப் புது அட்டை போட்டு வைத்தேன்.

மிஷின் ஒரு டிரங்குப்பெட்டி அளவுக்கு இருந்தது. முன்னால் சின்ன டிவி போல ஒரு திரை. அதிலிருந்து வருகிற ஒயரின் நுனியில் விரல் தடிமனுக்கு ஒரு கருவி. அதைக் கையுறைக்குள் பிடித்துக்கொண்டு, சினை பார்க்க நாங்கள் கையை விடுகிற வழியிலேயே உள்ளே கொண்டுபோக வேண்டும். வெயிலில் திரை தெரியாது என்று அண்ணாச்சி நாலு சாக்கைத் தைத்து ஒரு கூண்டு கட்டிக் கொடுத்தார். டிவி பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

கறுப்பாகத் தெரிந்தால் நீர், வெள்ளையாகத் தெரிந்தால் எலும்பு என்று பையன் சொல்லிக்கொடுத்தான். முதல் மாட்டில் அந்தக் கறுப்புக்கு நடுவே ஒரு கன்று சுருண்டு கிடந்தது. நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று மினுக்கியது. அதுதான் இதயம் என்றான். ஆயிரக்கணக்கான மாட்டுக்குள் கையை விட்டிருக்கிறேன். கையில் தட்டுப்பட்டது எல்லாம் பந்து போல, பை போல ஏதோ ஒன்றுதான். உயிரோடு துடிக்கிறதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். எனக்குக் கண் கலங்கியது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, கூட்டம் போடாதீங்க, தள்ளி நில்லுங்க என்று ஒரு சத்தம் போட்டேன்.

பையன் படத்தை நிறுத்தி, தலையில் ஒரு புள்ளியும் வாலடியில் ஒரு புள்ளியும் வைப்பான். நீளம் வரும். கையில் வைத்திருந்த அட்டவணையைப் பார்த்து நாளைச் சொல்வான். கொஞ்சம் வளர்ந்த கன்று திரைக்குள் அடங்காது. அதற்குத் தலையின் அகலத்தை மட்டும் அளப்பான். நான் பதிவேட்டைப் பார்த்துத் தேதியைச் சொல்வேன். இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில் ஒத்துப்போகும். ஒத்துப்போகிற ஒவ்வொரு மாட்டுக்கும் எனக்கே பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

ஐந்தருவிக்காரியின் முறை வந்தது. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, உள்ள இருக்கத மட்டும்தான் காட்டுமா, நாளும் சொல்லுமா?"

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "சொல்லாமப் பின்ன? அதுக்குத்தானே இங்கன கொண்டாந்திருக்கு."

அவள் அதன்பிறகு திரையைப் பார்க்கவில்லை. காலையில் நான் கையை விட்டுப் பார்த்து, சினைதான், நூறு நாள் என்று எழுதியிருந்தேன். உண்மையைச் சொன்னால், சினை என்பதைத்தான் கை சொன்னது. நூறு நாள் என்பதைப் பதிவேட்டில் படித்தேன். என் கை வேகமாகப் போய் வேகமாக வந்தது. பையன் இரண்டு தடவை அளந்தான். முழுக் கன்றும் திரைக்குள் வசதியாக அடங்கியிருந்தது.

"அம்பத்தெட்டு நாள் மேடம்."

"நூறு நாள் தம்பி."

"நூறு நாள் கன்னா இருந்தா இந்தத் திரையில அடங்காது மேடம்."

"உங்க அட்டவணை எந்த ஊர் மாட்டுக்குப் போட்டது?"

"வெளிநாட்டு மாடு மேடம்."

"இது குத்தாலத்து மாடு. சின்ன மாட்டுக்குச் சின்னக் கன்னுதான் இருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தெம்பாக இருந்தது. இருந்தாலும் கேட்டு வைப்போம் என்று அவள் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும் கேட்டேன். "ஏ பிள்ள, காளைக்கு எங்கயும் விட்டியா?"

"இல்ல டாக்டரம்மா."

அவளுக்குப் பின்னால் நின்ற நாலு பெண்களும் ஒரே நேரத்தில் தங்கள் மாட்டுக் கயிற்றைச் சரிசெய்தார்கள். அதைப் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க எனக்கு இஷ்டமில்லை.

வேலை முடிந்து கிளம்புகிற நாளில் பையன் ஒரு தாளோடு வந்தான். ஐந்து மாடுகள் ஒத்துப்போகவில்லை. மூன்று மாட்டில் இருபத்தொரு நாள் சொச்சம் வித்தியாசம், இரண்டில் நாற்பத்திரண்டு. அட்டவணையில் தப்பிருந்தால் எல்லா மாட்டுக்கும் அல்லவா தப்ப வேண்டும் என்று ரொம்பப் பணிவாகச் சொன்னான். இருபத்தொன்றும் நாற்பத்திரண்டும் எதைக் குறிக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதல் ஊசி நிற்கவில்லை, அடுத்த பருவத்திலோ அதற்கடுத்த பருவத்திலோ மாடு வேறு எங்கேயோ போயிருக்கிறது. அதாவது என் முகத்துக்கு நேரே ஊர் பொய் சொல்கிறது, அதை நான் தேதி போட்டு அழகாக எழுதி வைத்திருக்கிறேன். நேற்று வந்த பையன் இதை என்னிடம் சொல்வதா? என் மாடுகளைப் பற்றி எனக்குத் தெரியும், உங்களுக்கு ஒவ்வாததைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள் என்று எடுத்தெறிந்து பேசி அனுப்பினேன். அவன் மிஷின் சொன்ன நாளைத் துண்டுச்சீட்டுகளில் எழுதி, பதிவேட்டில் அந்தந்த மாட்டுக்குரிய பக்கத்துக்குள் வைத்துவிட்டுப் போனான்.

ஆனி பிறந்தது. அந்த வருடம் சாரல் நேரத்துக்கே வந்துவிட்டது. வைகாசிக் கடைசியில் ஈன வேண்டிய ஐந்தருவிப் பசு ஈனவில்லை. நாள் கடந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது என்று பதிவேடு சொன்னது. எனக்குப் பயம் பிடித்தது. முந்தின வருடம் பக்கத்து ஊரில் ஒரு மாட்டுக்கு இப்படி நாள் கடந்தபோது, பொறுத்துப் பார்ப்போம் என்று சொன்னவள் நான். கன்று உள்ளேயே பெருத்து, வெளியே வர முடியாமல் செத்து, அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மாடும் பிழைக்கவில்லை. அந்த வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. இன்னொரு தடவை அப்படி நடக்கக் கூடாது என்று பிரசவத்தைத் தூண்டுகிற ஊசியை எடுத்து வைத்தேன்.

கிளம்புமுன் பதிவேட்டைத் திறந்து நாளை இன்னொரு முறை எண்ணினேன். அந்தப் பக்கத்தில் பையனின் சீட்டு இருந்தது. அதன்படி எண்ணினால் அன்றைக்குப் பசுவுக்கு இருநூற்றைம்பது நாள்தான். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. எண்ணினேன், விடையும் வந்தது. சீட்டை எடுத்து அடுத்த பக்கத்துக்கு நகர்த்திவிட்டுப் பதிவேட்டை மூடினேன்.

மொபெட்டில் அண்ணாச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். தொழுவத்தின் ஓலையில் சாரல் சொட்டிக்கொண்டிருந்தது. ஊசியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இன்னும் மடியே விடலையே டாக்டரம்மா, சும்மா சூம்பிக் கெடக்கு."

"நாள் கடந்த மாட்டுக்கு மடி விடாது. அதான் பயமே. உள்ள கன்னு பெருத்துட்டா ரெண்டும் போயிரும்."

"ஆடி பிறக்கட்டுமே."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. "ஆடியா? ஆடியில யாராவது நல்ல காரியம் பாப்பாங்களா? நல்ல நாள் பாக்குத நேரமா இது?"

"அதுக்கில்ல டாக்டரம்மா..."

"வேற எதுக்கு? நீ டாக்டரா, நான் டாக்டரா?"

அவள் வாய் ஒரு தடவை திறந்தது. நான் காத்திருந்தால் வார்த்தை வந்திருக்கும். நான் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு, மாடு திமிராமல் இருக்கக் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் கன்று விழுந்தது. நான் போனபோது அவள் அதைக் கடைச் சாக்கில் பொதிந்து மடியில் வைத்திருந்தாள். உடம்பில் ரோமம் பூனை மயிர் போல இருந்தது. நான் குனிந்து அதன் வாயைத் திறந்து, கட்டைவிரலால் முன் ஈறைத் தடவினேன். மாதம் நிறைந்த கன்றுக்கு அங்கே பல் வெளியே தெரியும். இதற்கு வெறும் ஈறுதான். வாயை மூடிவிட்டேன். என் முகத்தில் ஈயாடவில்லை என்று அண்ணாச்சி பிறகு யாரிடமோ சொன்னாராம்.

அதற்குச் சப்பத் தெரியவில்லை. பசுவின் மடியிலும் சீம்பால் என்று சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வீட்டிலிருந்து பால் வாங்கி, பிள்ளைக்குப் புகட்டுவது போலப் பாலாடையில் புகட்டினாள். பாதி உள்ளே போனது, பாதி அவள் சேலையில் வடிந்தது. மூச்சு மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் சாயங்காலம் நான் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் அதுவும் நின்றுவிட்டது.

அவள் கன்றைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதேயில்லை.

"புரட்டாசிக் கடைசியில மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்திச்சு டாக்டரம்மா. ஒங்ககிட்டதான் ஓட்டிக்கிட்டு வந்தேன். நீங்க திருநவேலிக்கு மீட்டிங்கு போயிருந்தீய, ஆஸ்பத்திரி பூட்டிக் கெடந்துது. மறுநா வரைக்கும் மாடு நிக்குமா? வார வழியில தோப்புல நின்ன காளைக்கு விட்டுட்டேன். சொன்னா வைவீயன்னு சொல்லல. மிஷின் வச்சுப் பாத்தப்பயும் கேட்டீய, அத்தன பேரு முன்னால எப்படிச் சொல்ல? அன்னைக்கி ஊசிய எடுத்தப்பவாவது சொல்லியிருக்கணும். நாக்கு நுனியில நின்னுது, வெளிய வரல. நீங்க என்ன செய்வீய, ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் இதக் கொன்னுட்டேன்."

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. எனக்குத் தெரியும். மிஷின் சொன்னது, பையன் சொன்னான், சீட்டு சொன்னது, என் விரலே ஊசி போடுமுன் நாளை எண்ணிச் சொன்னது. நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவள் அழுகை பாதியாகக் குறைந்திருக்கும். அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வராமல் போனது பயத்தால். எனக்கு எதனால் என்று எழுதவே கூசுகிறது.

நான் சொன்னது இதுதான்: "இனிமேலாவது உள்ளதச் சொல்லணும்."

சரி டாக்டரம்மா என்றாள்.

பசுவுக்கு நஞ்சுக்கொடி விழவில்லை. அதை எடுத்து, காய்ச்சலுக்கு மருந்து போட்டு, ஏழு நாள் தொடர்ந்து போனேன். மாடு பிழைத்தது, ஆனால் அந்தச் சாரலுக்குப் பேருக்குத்தான் பால் கறந்தது. அவள் வெளியில் வாங்கின பாலில் கடையை ஓட்டினாள். ஒவ்வொரு நாளும் கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து எனக்கு டீ போட்டுக் கொடுப்பாள். அது என் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. நன்றாகவும் இருந்தது.

அடுத்த ஆவணியில் ஒரு அதிசயம் நடந்தது. வரிசையில் நின்ற பெண்கள் தாங்களாகவே உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். போன மாசம் காளைக்கு விட்டுட்டேன் டாக்டரம்மா, இத்தனாம் தேதி, எழுதிக்கிடுங்க என்றார்கள். ஐந்தருவிக்காரி வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மாகிட்ட மறைக்காதீய, நான் மறைச்சு ஒரு உசிரப் பறிகொடுத்தேன் என்று. நானும் வைவதைக் குறைத்துக்கொண்டேன். பதிவேட்டில் காளைக்கு விட்ட தேதிக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டேன். மேலதிகாரி வந்து பார்த்து, மற்ற மருந்தகங்களும் இப்படிச் செய்யலாமே என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பையனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒத்துப்போகாத அந்த ஐந்து மாடுகளும் எப்போது ஈன்றன என்று கேட்டிருந்தான். நாலு மாடு மிஷின் சொன்ன கணக்குக்கு ஒட்டியே ஈன்றிருந்தன. தேதிகளை எழுதினேன். ஐந்தாவதுக்கு நேரே, குறைமாதக் கன்று, பிழைக்கவில்லை என்று எழுதினேன். ஊசியைப் பற்றி எழுதவில்லை. இவ்வளவு நாள் ஊர் என் பதிவேட்டுக்குச் செய்ததை நான் அவன் பதிவேட்டுக்குச் செய்தேன்.

எண்பதுகள் முடியும்போது எனக்கு மாற்றல் வந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு அவள் வந்திருந்தாள். சாரல் நேரம், கடையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பசு அந்த வருடம் வைகாசியிலேயே ஈன்றிருந்தது, கிடாரிக் கன்று, நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். பஸ் கிளம்புகிற நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கன்னு விசயத்துல என்னைய மன்னிச்சிருங்க டாக்டரம்மா. எனக்கு இன்னும் ஆறல."

அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.